குப்பியில் பதினோராவது ஊசி

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெரு குறுகலானது, சந்தடி மிக்கது. கொரோனா பரவியதால் 2020 ஜூலை 6 முதல் மாநகராட்சி எல்லை முழுவதும் மூன்றடுக்கு ஊரடங்கு விதிக்கப்படவே, அத்தெருவும் அடைபட்டது. அடைப்புக்கு மாற்றாக எதிர்நோக்கப்பட்டது தடுப்பூசி. 2021 ஏப்ரலிலோ மருந்துக்கே தட்டுப்பாடு.

அப்போது தாதியரின் கைத்திறன் உதவிற்று. கோவிஷீல்டுக் குப்பியில் அரை மில்லிலிட்டர் வீதம் பத்துப் பேருக்கு மருந்துண்டு. ஊசிக்குழலில் வீணாவதை ஈடுசெய்யச் சற்று மிகுதியாகவும் நிரப்பியிருப்பர். அம்மிகுதியைச் சிந்தாது எடுத்துப் பதினோராமவருக்கும் செலுத்தினர். (முழு அளவு தேறாத மிச்சங்களை ஒன்றுசேர்த்தல் கூடாது.) திறந்த குப்பியை நான்கு மணி நேரத்தில் தீர்க்க வேண்டுமாதலின், ஆட்கள் கூடுமுன் திறத்தலும் நஷ்டமே.

மே 4-இல் முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்த கணக்கின்படி, கேரளம் முழுவதற்குமாக மத்திய அரசிடம் பெற்றது 73,38,806 டோஸ், செலுத்தியது 74,26,164. வேறுபாடு 87,358, விரயமென எழுதித் தள்ளியிருக்கக்கூடிய மருந்து அது.