முப்பது ஆண்டு வட்டியும் முடியாத வரியும்

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஏறத்தாழ நூற்றுக்கு 65 குடும்பங்கள் தாம் குடியிருக்கும் வீட்டுக்குத் தாமே உரிமையாளர்கள். இந்த ஒற்றுமையைக் கண்டு, அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் சொந்த வீடு என்பது ஒரே வகையான ஏற்பாடு என்று எண்ணிவிடக் கூடாது. கடனை எத்தனை ஆண்டுகளில் அடைப்பது, உரிமையை யார் உறுதிசெய்வது, ஆண்டுதோறும் அரசுக்கு எவ்வளவு கட்டுவது ஆகிய மூன்றிலும் இரு நாடுகளும் வெவ்வேறு வழிகளில் சென்றுள்ளன. அதனால் பிரிட்டிஷ்காரர் அஞ்சும் இடத்தில் அமெரிக்கர் நிம்மதியாக இருக்கிறார். அமெரிக்கரை வாட்டும் கவலை பிரிட்டிஷ்காரருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

முதலில் கடன். அமெரிக்காவில் வீடு வாங்குவோரில் மிகப் பெரும்பாலோர் முப்பது ஆண்டுகளுக்கு ஒரே வட்டி விகிதம் கொண்ட கடனை எடுக்கிறார்கள். சந்தையில் வட்டி ஏறினாலும் அவர்களது அசல், வட்டித் தவணை ஒரு டாலர்கூட உயராது. வட்டி இறங்கினாலோ, பழைய கடனை அடைத்துவிட்டுக் குறைந்த வட்டிக்குப் புதிய கடன் எடுத்துக்கொள்ளலாம். முன்கூட்டியே அடைப்பதற்குப் பெரும்பாலும் அபராதம் இல்லை. பிரிட்டனிலோ வட்டி பொதுவாக இரண்டு அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே நிலையாக இருக்கும். அந்தக் கெடு முடிந்ததும், அன்றைய சந்தை நிலவரப்படி புதிய ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். தவறினால் வங்கி தானே நிர்ணயிக்கும், பெரும்பாலும் கூடுதலான, மாறும் வட்டிக்குக் கடன் நழுவிவிடும்.

அமெரிக்கரின் இந்த வசதி சந்தையில் தானாக முளைத்ததன்று. 1930களுக்கு முன்பு அங்கும் வீட்டுக் கடன் சில ஆண்டுகளுக்கே கிடைத்தது. பலர் அதுவரை வட்டியை மட்டும் கட்டிவந்து, கெடு முடிவில் அசலை மொத்தமாகத் திருப்ப வேண்டியிருந்தது. பெருமந்தத்தில் வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுத்ததால் லட்சக்கணக்கானோர் வீடிழக்கும் நிலைக்கு வந்தபோது, மத்திய அரசு 1933இல் ஒரு கழகத்தை நிறுவி, தவணை தவறிய கடன்களை வாங்கி நீண்ட காலத் தவணைகளாக மாற்றியது. 1934இல் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் கடன்களுக்குக் காப்புறுதி அளிக்கத் தொடங்கியது. வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ள 1938இல் ஃபேனி மே, 1970இல் ஃப்ரெடி மேக் ஆகிய அமைப்புகள் உருவாயின. முப்பது ஆண்டுக்கான வட்டி அபாயம் கடன் கொடுத்த வங்கியின் தோளில் தங்காமல், அரசின் பின்பலத்தோடு முதலீட்டாளர்களிடம் கைமாறிவிடுவதால்தான் அந்தக் கடன் அங்கே சாத்தியமாகிறது. அதே கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைக் காப்புறுதியிலிருந்து பல பத்தாண்டுகள் ஒதுக்கிவைத்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அரசு பலருக்குத் திறந்த கதவை நிறம் பார்த்துச் சிலருக்கு அடைத்தது பெரும் அநீதி. அதன் விளைவு இன்றும் குடும்பச் சொத்துகளின் ஏற்றத்தாழ்வில் தெரிகிறது.

2022க்குப் பின் வட்டி ஏறியபோது இரு ஏற்பாடுகளின் குணமும் வெளிப்பட்டது. இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 2021 டிசம்பர் தொடக்கத்தில் 0.1 சதவீதமாக இருந்து 2023 ஆகஸ்டில் 5.25 சதவீதத்தை எட்டியது. 2021இல் இரண்டு லட்சம் பவுண்டை 25 ஆண்டுக் கடனாக, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 2 சதவீத வட்டியில் எடுத்த ஒருவர் மாதம் சுமார் 848 பவுண்டு கட்டிவந்திருப்பார். 2023இல் 6 சதவீதத்துக்குப் புதுப்பித்தபோது அது சுமார் 1,250 பவுண்டாகியிருக்கும். வீடும் மாறவில்லை, சம்பளமும் அந்த அளவுக்கு உயரவில்லை. அமெரிக்காவில் 2021இல் 3 சதவீதத்தை ஒட்டிய வட்டிக்குக் கடன் பெற்றவர்களை இந்த ஏற்றம் தொடவே இல்லை. ஆனால் புதிய கடனுக்கான வட்டி 7 சதவீதத்தைத் தாண்டியதால், அவர்கள் அந்த வீட்டை விற்று வேறு வீடு வாங்கத் தயங்கினார்கள். விற்பனைக்கு வரும் வீடுகள் குறைந்து, முதல் வீடு தேடும் இளையோர் அந்த நிம்மதிக்கான விலையைச் செலுத்தினார்கள்.

உரிமை என்ற அளவில் பிரிட்டனின் நிலை இன்னும் சிக்கலானது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அடுக்குமாடி வீடு வாங்குவோரில் பெரும்பாலோர் உண்மையில் பெறுவது 99, 125 அல்லது 999 ஆண்டுக் குத்தகை உரிமையே; நிலமும் கட்டடமும் வேறொருவருடையவை. பழைய குத்தகைகளில் ஆண்டுதோறும் அவருக்கு நில வாடகை கட்ட வேண்டும், பராமரிப்புச் செலவையும் பெரும்பாலும் அவரது தரப்பே நிர்ணயிக்கிறது. எஞ்சிய காலம் 80 ஆண்டுக்குக் கீழே இறங்கினால் நீட்டிப்பதற்கான செலவு கூடும், கடன் கொடுக்க வங்கிகளும் தயங்கும். முழு விலை கொடுத்தவரை வாடகைதாரராக நடத்தும் இந்த ஏற்பாடு நீடித்ததே வியப்பு. 2022இல் புதிய குத்தகைகள் பெரும்பாலானவற்றில் நில வாடகை தடைசெய்யப்பட்டது. அமெரிக்காவில் அடுக்குமாடிகளுக்குரிய காண்டோமினியம் என்ற ஏற்பாட்டில் வீடு முழு உரிமையாக வாங்குபவருக்கே சேர்கிறது. பொது இடங்களில் பிரிக்கப்படாத பங்கும் உண்டு.

உரிமையை மெய்ப்பிப்பதில் மட்டும் பிரிட்டிஷ்காரரின் நிலை மேலானது. இங்கிலாந்து, வேல்ஸில் நிலப் பதிவகத்தில் பெயர் ஏறிவிட்டால் அரசே அதற்குப் பொறுப்பு. அமெரிக்காவில் கவுண்டி அலுவலகம் பத்திரங்களைப் பதிந்துவைக்குமே தவிர, பெரும்பாலும் உரிமைக்கு உறுதி தருவதில்லை. ஆகவே வில்லங்கம் பார்க்கத் தனியார் நிறுவனத்தை அமர்த்தி, பின்னாளில் பழைய உரிமை கோரி எவரேனும் வந்தால் ஈடு கிடைப்பதற்காக ஒருமுறை பிரீமியம் கட்டிக் காப்பீடு எடுக்கிறார்கள். வாங்கும் நடைமுறையிலோ நிலை தலைகீழ்: அங்கே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு முன்பணம் கட்டினால் விற்பவர் எளிதில் பின்வாங்க முடியாது, இங்கிலாந்தில் விலை பேசி முடித்த பின்னும், ஒப்பந்தங்கள் பரிமாறப்படும் வரை, கூடுதல் விலை தரும் இன்னொருவருக்கு விற்பவர் தடையின்றிக் கொடுத்துவிடலாம்.

பிரிட்டிஷ்காரருக்குப் பெரிய அதிர்ச்சி சொத்து வரியில் காத்திருக்கிறது. இங்கிலாந்தின் உள்ளாட்சி வரி, வீடுகளை 1991ஆம் ஆண்டு மதிப்பின்படி எட்டு வகுப்புகளாகப் பிரித்து விதிக்கப்படுகிறது. அதை வீட்டில் குடியிருப்பவர், வாடகைக்காரராயினும், கட்டுகிறார். அமெரிக்காவில் அது உரிமையாளரின் கடமை. பெரும்பாலான மாநிலங்களில் மதிப்பு அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது. உள்ளூர்ப் பள்ளிகளின் செலவில் பெரும்பங்கு அதிலிருந்தே வருகிறது. நியூ ஜெர்சியில் ஆண்டு வரி வீட்டின் மதிப்பில் இரண்டு சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. கலிபோர்னியாவில் 1978ஆம் ஆண்டின் 13ஆம் முன்மொழிவு எனப்படும் சட்டம், வீடு கைமாறும் வரை மதிப்பீடு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயராமல் தடுத்ததால், அடுத்தடுத்த ஒரே மாதிரி வீடுகளில் பழைய உரிமையாளர் கட்டுவதைப்போலப் பல மடங்கைப் புதியவர் கட்ட நேர்கிறது.

இந்த வரியைக் கட்டத் தவறினால் கடனே இல்லாத வீடும் பறிபோகலாம். மினசோட்டாவின் ஹென்னெப்பின் கவுண்டியில் முதிய பெண்மணி ஒருவர் சுமார் 2,300 டாலர் வரி பாக்கி வைத்தார். அபராதமும் வட்டியும் சேர்ந்து அது 15,000 டாலரானது. கவுண்டி அவரது வீட்டை 40,000 டாலருக்கு விற்று, மீதி 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. பாக்கிக்கு மேற்பட்ட தொகையை அரசு எடுத்துக்கொள்வது அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இவ்வளவு தெளிவான நியாயத்துக்கு ஒரு மூதாட்டி உச்ச நீதிமன்றம் வரை போக நேர்ந்தது வேதனைக்குரியது.

பல அமெரிக்க வங்கிகள் வரியையும் வீட்டுக் காப்பீட்டுப் பிரீமியத்தையும் மாதத் தவணையோடு சேர்த்து வசூலித்துத் தனிக் கணக்கில் வைக்கின்றன. ஆகவே வட்டி நிலையாக இருந்தாலும் கையிலிருந்து போகும் மொத்தத் தொகை ஆண்டுக்காண்டு ஏறலாம். அண்மைக் காலத்தில் புயல் தாக்கும் புளோரிடாவிலும் காட்டுத்தீ பரவும் கலிபோர்னியாவிலும் பிரீமியம் கடுமையாக உயர்ந்துள்ளது; கலிபோர்னியாவில் 2023 மே மாதம் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் புதிய வீட்டுக் காப்பீட்டு விண்ணப்பங்களை ஏற்பதையே நிறுத்தியது. கடன் உள்ள வீட்டுக்குக் காப்பீடு கட்டாயம். உரிமையாளரின் காப்பீடு காலாவதியானால், வங்கியே வேறொரு காப்பீட்டை எடுத்து, வழக்கமாகக் கூடுதலான அதன் பிரீமியத்தை அவரது கணக்கிலேயே ஏற்றிவிடும்.