தோழியைத் தூக்கிலிருந்து மீட்கும் போர்க்காலப் பெண்கள்: 'தி பிளெட்ச்லி சர்க்கிள்' தொடரின் வரலாற்றுப் பின்னணி என்ன?

இரண்டாம் உலகப் போரில் எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைத்த பெண்கள், கொலை வழக்கில் சிக்கிய தோழியின் உயிரைக் காக்க மீண்டும் ஒன்றுசேர்கின்றனர். பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில் 2014-ஆம் ஆண்டு ஒளிபரப்பான 'தி பிளெட்ச்லி சர்க்கிள்' தொடரின் இரண்டாவது சீசன் இவ்வாறு தொடங்குகிறது. கதை கற்பனையே. ஆனால், அப்பெண்களைக் கட்டிப்போடும் மௌனம் வரலாற்று உண்மை.

வழக்கு என்ன?

விஞ்ஞானி ஒருவரைக் கொன்றதாகக் கைதான ஆலிஸ் மெரன், தம்மைக் காத்துக்கொள்ள எதுவும் பேச மறுக்கிறார். கதை நிகழும் 1950-களில் பிரிட்டனில் கொலைக் குற்றத்துக்குத் தூக்குத் தண்டனை நடைமுறையில் இருந்தது. அவர் நிரபராதி என நம்பும் ஜீன், போர்க்காலத்தில் தம்முடன் பணியாற்றிய பெண்களை அழைக்கிறார்.

சங்கேதத்தை உடைத்தது எப்படி?

லண்டனுக்கு வடமேற்கே சுமார் 80 கி.மீ. தொலைவில் உள்ளது பிளெட்ச்லி பார்க். ஜெர்மனியின் எனிக்மா இயந்திரச் செய்திகள் இங்குதான் உடைக்கப்பட்டன. இங்கு பணியாற்றியவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் பெண்கள்.

எனிக்மாவில் ஓர் எழுத்து ஒருபோதும் அதே எழுத்தாக மாறாது. இந்தப் பலவீனமே துருப்பாக அமைந்தது. வானிலை அறிக்கை போன்ற வழக்கமான செய்திகளில் வரக்கூடிய சொல்லை ஊகித்து, சங்கேத வரியின் கீழ் வைத்துப் பார்ப்பார்கள். ஓர் இடத்திலேனும் இரு எழுத்துகளும் ஒன்றாக இருந்தால், அச்சொல் அங்கு பொருந்தாது என்று விலக்குவார்கள். எஞ்சியவற்றை மட்டுமே மேலும் சோதிப்பார்கள்.

தொடரின் நாயகிகள் துப்பறிவதும் இதே வழியில்தான். கிடைத்த தகவல்களை அடுக்கி, அவற்றில் பொருந்தாததைத் தேடுகின்றனர்.

ஏன் சொல்ல முடியவில்லை?

பிளெட்ச்லியில் பணியாற்றியவர்கள் அனைவரும் அரசு ரகசியக் காப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். பெற்றோரிடமோ கணவரிடமோ கூட தங்கள் பணி குறித்து அவர்கள் பேசக் கூடாது. தொடரில் வரும் சூசனின் கணவரும், மனைவி போரின்போது சாதாரண எழுத்தர் பணியே பார்த்ததாக நினைக்கிறார்.

இதனால், துப்பறியும் திறன் இருந்தும் அதற்கான சான்றை அவர்களால் காட்ட இயலாது. "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று காவல்துறை கேட்டால், உண்மையான பதிலைச் சொல்வதே சட்டப்படி குற்றமாகும். தோழியின் உயிருக்கும் நாட்டுக்கு அளித்த வாக்குக்கும் இடையே அவர்கள் சிக்கிக்கொள்கின்றனர்.

அங்கீகாரம் எப்போது?

1974-ஆம் ஆண்டு எஃப்.டபிள்யூ. வின்டர்போத்தம் எழுதிய 'தி அல்ட்ரா சீக்ரெட்' நூல் வெளியான பிறகே, பிளெட்ச்லியின் பணி பரவலாக வெளியுலகுக்குத் தெரியவந்தது. அங்கு பணியாற்றியவர்களுக்கு நினைவு பேட்ஜ் வழங்கப்படும் என பிரிட்டன் அரசு 2009-இல் அறிவித்தது. போர் முடிந்து அப்போது 64 ஆண்டுகள் கடந்திருந்தன. அதற்குள் பலர், தாங்கள் செய்த பணியைக் குடும்பத்தாரிடம்கூடச் சொல்லாமலேயே காலமாகியிருந்தனர்.