தேதிக்கு முந்தைய நாட்கள்

கந்தூரி வந்தாலும் வீட்டில் நிக்காஹ் வந்தாலும் மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கி வரச் சொல்வது நாகூரில் மட்டுமல்ல, காவிரிக் கரை ஊர்களில் எங்கும் சாதாரணமாகிவிட்டது. அந்த மாத்திரையில் இருக்கும் நோரெதிஸ்டெரோனும் ஹார்மோன்தான்; மருத்துவர் சீட்டில்லாமல் விழுங்கக் கூடாதது. ஆனால் தேதிக்கு முந்தின வாரமெல்லாம் எரிந்து விழுந்து, அழுது, தூக்கமின்றித் தவிக்கும் பெண்ணுக்கு மருத்துவரே ஹார்மோன் எழுதிக் கொடுத்தால், "கருத்தடை மாத்திரையா?" என்று வீடு முகம் சுளிக்கிறது. கல்யாணமாகாத பெண்ணுக்கும், கணவர் பிழைப்புக்குக் கடல் கடந்த சபுராளியாக சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் பெண்ணுக்கும் இந்தப் பார்வை கூடுதல் கொடுமை.

தேதிக்கு முந்தைய இந்தத் தவிப்பு குணக்கேடு அல்ல. கருமுட்டை வெளியான பிறகு ஏறி இறங்கும் ஹார்மோன்களுக்குச் சிலரின் மூளை கூடுதலாக எதிர்வினை காட்டுகிறது. ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும்; ரத்தப் பரிசோதனையில் தெரியாது. இரண்டு மாதம் தினமும் மனநிலை, தூக்கம், மார்பு வலி, வயிற்று உப்புசம் ஆகியவற்றை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். உதிரம் தொடங்கிச் சில நாளில் எல்லாம் அடங்கினால் அது தேதிக்கு முந்தைய தொல்லைதான். மாதம் முழுக்க நீடித்தால் தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு என்று வேறு காரணம் தேட வேண்டும்.

ட்ரோஸ்பிரினோனும் எத்தினில் எஸ்ட்ராடியாலும் சேர்ந்த மாத்திரை கருமுட்டை வெளியாவதையே நிறுத்தி, அந்த ஏற்ற இறக்கத்தைத் தணிக்கிறது. பிரிட்டனின் மகளிர் நல மருத்துவர்களின் ராயல் கல்லூரி, முதலில் முயலும் சிகிச்சைகளில் இதையும் சேர்த்திருக்கிறது. அரசு இலவசமாகத் தரும் கருத்தடை மாத்திரையான மாலா-என்னில் ட்ரோஸ்பிரினோனுக்குப் பதில் வேறு ஹார்மோன் இருக்கிறது. இதற்கு அது ஈடல்ல. ரத்தக்கட்டு வந்தவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், பார்வையில் மின்னல் வெட்டி வரும் ஒற்றைத் தலைவலிக்காரர்கள், மார்பகப் புற்றுநோய், கல்லீரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாத்திரை எடுக்கும்போது ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினாலோ 108-ஐ அழையுங்கள். ஹார்மோன் ஒத்துவராதவர்களுக்கு மனச்சோர்வுக்கும் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகள் உண்டு; மருத்துவர் சொன்னால் தேதிக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும்கூட எடுக்கலாம்.

மாத்திரையோடு நடையும் வேண்டும். நாகூரின் சில்லடி கடற்கரைக்குப் பெண்கள் சேர்ந்து அந்தி நேரத்தில் வேகமாக நடந்துவிட்டு வரலாம். கால்சியமும் உதவக்கூடும்: 1998-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் தினம் 1,200 மில்லிகிராம் கால்சியம் எடுத்த பெண்களுக்கு மூன்றாவது சுழற்சியில் தொல்லை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் 30 சதவீதம் குறைந்ததைச் சேர்த்துச் சொல்வதே நேர்மை. முள்ளோடு தின்னும் நெத்திலி, கேழ்வரகு, தயிர் எல்லாம் கால்சியம்தான். உப்புசம் படுத்தினால் கருவாட்டை அந்த வாரம் தள்ளி வையுங்கள்.

வயது வந்த பெண்ணின் சிகிச்சைக்கு அவள் சம்மதமே போதும். இந்தச் சிகிச்சைக்குக் கணவரின் கையெழுத்தைக் கேட்கும் சட்டம் எதுவும் இல்லை. மனநலம் குன்றியவர்களைக் கட்டிப்போடுவதன் விளைவையும் பார்த்துவிட்டோம்: ஏர்வாடியில் தர்காவை அண்டியிருந்த காப்பகத்தில் சங்கிலியோடு 28 பேர் எரிந்துபோனது 2001-ல். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது. அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை பெறுவதையும், அது ரகசியமாக இருப்பதையும் உரிமையாக்கியது. தர்காவில் துஆ கேட்பது அவரவர் நம்பிக்கை. அதற்காக, மாதாமாதம் தவிக்கும் பெண்ணைப் பேய் பிடித்தவள் என்று முடிவுகட்டி மருத்துவரிடம் காட்டாமல் இருப்பது அநியாயம்.

நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியிலேயே திறந்தாகிவிட்டது. நாட்காட்டியை எடுத்துக்கொண்டு போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.