நூறு மீட்டர் செம்பு, நூறு கிலோமீட்டர் கண்ணாடி

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தில், கார் ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு தொழிற்கூடங்கள் பல உண்டு. வடக்குப்பட்டில் அப்படியொரு கூடம் புதிதாக நெட்வொர்க் அமைக்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். வாசலை ஒட்டி அலுவலகம். 180 மீட்டர் பின்னால் பிரஸ் ஷாப். பணமோ கொஞ்சம். காப்பர் இழுப்பதா, ஃபைபர் இழுப்பதா? விலைப்பட்டியல் சொல்ல வேண்டிய பதில்போலத் தோன்றும். ஆனால் பாதி முடிவை இயற்பியல் முன்பே எடுத்துவிட்டது.

காப்பர் நெட்வொர்க் கேபிளான கேட்6-இன் மேலுறையைச் சீவிப் பாருங்கள். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கும். ஒவ்வொரு ஜோடியும் வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்கப்பட்டிருக்கும். கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. பக்கத்தில் வெல்டிங் நடக்கும்போது எழும் மின்னிரைச்சல் இரண்டு கம்பிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்கும். மறுமுனைக் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால், பொதுவாக வந்த இரைச்சல் கழிந்துவிடும்.

ஆனால் தூரத்தை முறுக்கு வெல்லாது. அலைவெண் கூடக் கூட மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பிலேயே ஒதுங்கி ஓடும். பாதை குறுகும், இழப்பு ஏறும். 100 மெகாஹெர்ட்ஸில், 100 மீட்டர் கேட்6 கேபிளைக் கடப்பதற்குள் சமிக்ஞையின் திறன் சுமார் நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால்தான் ஈதர்நெட் காப்பருக்கு 100 மீட்டர் எல்லை. நொடிக்கு 10 கிகாபிட் வேகம் வேண்டுமென்றால் சாதாரண கேட்6-க்கு 55 மீட்டர்தான் கணக்கு.

இனி ஃபைபரின் கண்ணாடியைப் பாருங்கள். 1966-இல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் ஒன்றைச் சொன்னார்கள்: ஒளியைத் தின்பது கண்ணாடியின் இயல்பு அல்ல, அதிலுள்ள மாசு. நான்கே ஆண்டுகளில், 1970-இல், கார்னிங் நிறுவன விஞ்ஞானிகள் அந்தத் தூய்மையை எட்டிக் காட்டினார்கள். காவோவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய சிங்கிள்மோடு ஃபைபரில் கிலோமீட்டருக்கு இழப்பு சுமார் 0.2 டெசிபெல். அதாவது ஒளி நூறில் ஒரு பங்காகத் தேய, சுமார் 100 கிலோமீட்டர் ஓட வேண்டும். செம்பு 100 மீட்டரில் இழப்பதைக் கண்ணாடி இழக்க ஆயிரம் மடங்கு தூரம்!

அப்படியானால் எல்லா இடத்திலும் ஃபைபரே போட்டுவிடலாமே? செலவு முனைகளில் இருக்கிறது. முடியளவே தடிமனுள்ள, 125 மைக்ரான் விட்டமுள்ள இழையைச் சுத்தமாகத் துடைத்து, கிளீவரில் நேராக வெட்டி, ஸ்ப்ளைசிங் மெஷினில் எதிரெதிரே வைத்து மின்பொறியால் உருக்கி ஒட்ட வேண்டும். அதற்கு மெஷினும் பழகிய கையும் தேவை. இரு முனையிலும் மின்சமிக்ஞையை ஒளியாகவும் ஒளியை மின்சமிக்ஞையாகவும் மாற்றும் எஸ்எஃப்பி மாட்யூல் வேண்டும். மேலும், கண்ணாடி மின்சாரம் கடத்தாது. சிசிடிவி கேமராவுக்கும் வைஃபை பெட்டிக்கும் தகவலோடு கரண்டையும் ஒரே கேபிளில் அனுப்பக் காப்பர்தான் வசதி.

ஆனால் கண்ணாடியின் மின்சாரம் கடத்தாத அதே குணம் கட்டடங்களுக்கு நடுவே வரமாகிறது. இரு கட்டடங்களின் எர்த் மின்னழுத்தம் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஐப்பசி இடியின்போது அந்த வித்தியாசம் காப்பர் வழியே பாய்ந்து நெட்வொர்க் ஸ்விட்சைப் பொசுக்கிவிடக்கூடும். உலோகக் கவசமில்லாத ஃபைபரில் அது பாய வழியே இல்லை.

தோண்டும் கூலியையும் மறக்கக் கூடாது. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் டான்ஃபிநெட், பெரும்பாலும் மின்கம்பங்கள் வழியாகவே ஃபைபரைக் கொண்டுசெல்கிறது. பள்ளம் தோண்டுவதைத் தவிர்ப்பதே அங்கு பெரிய சிக்கனம். நம் பட்டறைக்கும் அதே கணக்கு பொருந்தும். பைப் புதைப்பது என்று ஆனபின், இன்று இரண்டு கோர் (இழை) போதுமென்றாலும் ஆறு கோராகவே இழுத்துவிடுவது நல்லது. கூடுதல் கண்ணாடிக்கு ஆகும் பணம் சொற்பம். மறுபடி தோண்டினால்தான் பணம் கரையும்.

ஆக, 180 மீட்டருக்கு ஃபைபர். பிரஸ் ஷாப்புக்குள் ஸ்விட்சிலிருந்து இயந்திரத்துக்கும் கேமராவுக்கும் காப்பர். அதிலும் அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு பூசிய மலிவு கேபிளைத் தொடவே வேண்டாம். அதில் மின்தடை அதிகம், கரண்ட் ஏற்றினால் சூடாகும். நாளை வேகம் கூட்ட நினைத்தால் இரு முனை மாட்யூலையும் ஸ்விட்சையும் மாற்றினால் போதும். மண்ணுக்குள் கிடக்கும் கண்ணாடி அப்படியே உழைக்கும். பணம் குறைவாக இருக்கும்போது, எளிதில் மாற்ற முடியாததற்கே முதல் ரூபாயை ஒதுக்க வேண்டும்.