வலந்தலையில் ஒரு கருவட்டம்

திருப்பதியிலுள்ள ஸ்ரீ வேங்கடேசுவரா இசை, நடனக் கல்லூரியில் மிருதங்கமும் ஒரு பாடமாகும். கச்சேரி தொடங்குமுன் மிருதங்கக் கலைஞர் சிறு கல்லால் விளிம்பைத் தட்டுவார், செவி சாய்த்துக் கேட்பார், மீண்டும் தட்டுவார். தம்புராவின் சுருதியோடு கருவி இணையும்வரை அவர் ஓயமாட்டார். பறையையும் தீயில் காய்ச்சி விறைப்பாக்குவர்; ஆயினும், இன்ன சுரம் என்று சுட்டத்தக்க ஒலி அதில் எழுவதில்லை. அதன் பணி வேறு.

வீணையின் தந்தி அதிரும்போது, அடிப்படை ஒலியுடன் 2, 3, 4 மடங்கு அதிர்வெண் கொண்ட மேலொலிகளும் பிறக்கின்றன. முழுமடங்குகளாக அமைவதால் செவி அவற்றை ஒரே சுரமாக உணர்கிறது. சீராக இழுத்துக் கட்டிய வட்டத் தோலிலோ மேலொலிகள் ஏறத்தாழ 1.59, 2.14, 2.30 மடங்குகளாக அமைகின்றன. அவை ஒன்றோடொன்று இசைவதில்லை. எனவே, தோற்கருவி தாளத்திற்கே உரியது, இன்னிசைக்கு உரியதன்று என்று மேலைநாட்டு அறிஞர் கருதினர்.

மிருதங்கமும் தபலாவும் இதற்கு விலக்கு என்று காட்டியவர் சர் சி. வி. இராமன். 1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த அவர், தந்தையாரின் ஆசிரியப் பணியை முன்னிட்டு விசாகப்பட்டினத்தில் வளர்ந்தவர். கல்கத்தாவில் பணியாற்றிய காலத்தில், 1920இல், சிவகாளி குமாருடன் இணைந்து 'நேச்சர்' இதழில் இதுபற்றி எழுதினார். 1934இல் விரிவான ஆய்வையும் வெளியிட்டார். தோலின்மேல் நுண்மணலைத் தூவி அதிரச் செய்தபோது, அதிராத கோடுகளில் மணல் திரண்டு நின்றது. தோலின் ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்தே சுரநிலைகளில் அடங்குவதை அவர் கண்டார். அவ்வைந்தும் 1, 2, 3, 4, 5 என்னும் முழுமடங்குகள்!

இதற்குக் காரணம் வலந்தலையின் நடுவிலுள்ள கரணை என்னும் கருவட்டமே. அடிப்படை அதிர்வில் தோலின் நடுப்பகுதியே மிகுதியாக அசைகிறது. அங்கே பாரம் கூடுவதால் அவ்வதிர்வு மெதுவாகிறது. அடுத்த அதிர்விலோ தோலின் ஒரு பாதி எழும்போது மறுபாதி தாழ்கிறது, நடுப்புள்ளி அசைவதில்லை. ஆதலால் பாரம் அதனை அவ்வளவாகத் தாக்குவதில்லை. இவ்வாறு 1.59 என்றிருந்த இடைவெளி 2 ஆக விரிகிறது.

கணக்கு அறியாமலே இவ்விகிதத்தை அடைந்தவர்கள் மிருதங்கம் செய்யும் கைவினைஞர்கள். இரும்புச் சத்துள்ள கருங்கல் பொடியைச் சோற்றுடன் குழைத்து மெல்லிய படலமாக இடுவர். வழுவழுப்பான கல்லால் தேய்ப்பர். தட்டிக் கேட்டபின் அடுத்த படலம் இடுவர். நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் கரணை அமையும். எப்போது நிறுத்துவது என்பதைச் செவியே சொல்லும்.

இடந்தலைக்குக் கரணை இல்லை. வாசிக்கும் முன் பிசைந்த ரவையை அதன் நடுவில் அப்பி ஒலியைத் தாழ்த்துவர். கச்சேரி முடிந்ததும் அதனைச் சுரண்டி எடுத்துவிடுவர்.