குடவோலையும் காளைச் சின்னமும்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குச் செல்கிறவர்களில் பெருமாளைச் சேவிக்கிறவர்கள் பாதிப் பேர் என்றால், மண்டபத்துச் சுவரைச் சேவிக்கிறவர்கள் மற்றப் பாதிப் பேர். அந்தக் கற்களில்தான் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைச் சாஸனங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. சுவரைத் தடவிப் பார்த்து, "ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம் முன்னோர் குடியரசு நடத்தினார்கள்!" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவது வழக்கம்.

அந்தப் பெருமிதத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்தக் கல்லில் பெருமிதத்தைக் காட்டிலும் உபயோகமான விஷயம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் இங்கே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

சாஸனங்கள் இரண்டு. முதலாவது கி.பி. 919-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இரண்டாவது 921-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வாரியங்களுக்கு ஆட்களைத் தெரிந்தெடுப்பது எப்படி என்று ஊர்ச் சபை ஒரு முறை தீர்மானம் செய்தது. இரண்டே வருஷத்தில் அதைத் திருத்தி மறுபடியும் எழுதியது. கல்லில் வெட்டியதை அவ்வளவு சீக்கிரத்தில் திருத்துவதற்கு எந்தச் சபைக்கும் மனம் வராது. முதல் ஏற்பாட்டை நடத்திப் பார்த்து, அது எங்கே இடறுகிறது என்று கண்டுகொண்டவர்களே அப்படிச் செய்யத் துணிவார்கள். 30-க்கு மேல் 60-க்குள் என்றிருந்த வயது வரம்பு 35-க்கு மேல் 70-க்குள் என்று மாறியது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரை மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினர் பெயர்களையும் குடத்தில் இடக்கூடாது என்று விதித்தார்கள். மைத்துனன் பெயரில் பதவியைப் பிடிக்கும் வித்தை நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல என்பது இதனால் விளங்கும்.

ஆனால் நம்மை வியக்கச் செய்வது சீட்டு எடுக்கும் முறைதான். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பின் பெயர் எழுதிய வாயோலையை மேலே வைத்துக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சிறியோர் பெரியோர் அனைவரும் கூடியிருக்க, நம்பிமாரில் வயதில் மூத்தவர் குடத்தை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலகன் ஒரு கட்டை எடுப்பான். அதை அவிழ்த்து வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்குவார்கள். மறுபடியும் அந்தப் பாலகன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். அவன் உரக்க வாசித்த பிறகு அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதையே வாசிக்க வேண்டும். அதற்கப்புறந்தான் பெயர் எழுதப்படும்.

இந்த ஐந்து விரல் விஷயத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். கையை மூடிக்கொண்டு ஓலையை வாங்கினால், மடக்கிய விரலுக்குள் வேறோர் ஓலை காத்திருக்கலாம். "மத்தியஸ்தன் யோக்கியனாக இருக்கக் கடவன்" என்று புத்திமதி எழுதுவது சுலபம். சபையார் அதோடு நிற்கவில்லை. கையை விரி என்றார்கள். ஏமாற்று எந்த இடத்தில் நுழையும் என்பதைக் கண்ணால் பார்த்து, அந்த இடத்தை அடைத்தார்கள்.

இக்காலத்து வர்த்தக ஸ்தாபனங்கள் இந்தக் காரியத்துக்கு வடிவமைப்பு ஆராய்ச்சி என்று பெரிய பெயர் சூட்டியிருக்கின்றன. ஒரு பொருளையோ முறையையோ கையாளுகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று அருகிலிருந்து கவனித்து, அதற்கேற்ப அந்தப் பொருளை மாற்றுவதுதான் அது. அதனோடு கூடவே வருவது முத்திரை. எழுத்து வாசனையற்றவரும் கடையில் சோப்பை அதன் உறைமேலுள்ள படத்தைக் காட்டிக் கேட்டு வாங்குகிறார் அல்லவா? அந்தப் படத்தின் சக்தியைத்தான் சொல்கிறோம்.

உத்திரமேரூர்ச் சபைக்கு முத்திரை தேவைப்படவில்லை. அது சதுர்வேதி மங்கலம். வேதம் ஓதியவர்களுக்கு மானியமாக விடப்பட்ட ஊர். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உள்ளவர்களின் பெயர்களே குடத்துக்குள் புகுந்தன. ஏரியை வெட்டியவர்களுக்கும் கழனியில் உழைத்தவர்களுக்கும், ஸ்திரீகள் ஒருவருக்கேனும் அங்கே ஓலை கிடையாது. குடவோலையைப் புகழுகிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

சரியாக 1030 வருஷங்கள் கழித்து, 1951-இல், இந்த ஓலை கிடைக்காத ஜனங்கள் அனைவருக்கும் வோட்டு வந்தது. தேசம் முழுவதிலும் 17 கோடிக்கு மேற்பட்ட வோட்டர்கள். அந்த வருஷத்து ஜனக் கணக்கின்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்தான். அபேட்சகரின் பெயரை வாசிக்கத் தெரியாதவர், யாருடைய உதவியும் இன்றி, யாரும் பார்க்காமல், தாம் விரும்பியவருக்கே வோட்டுப் போடுவது எப்படி? படித்தவர்களில் பலர், "அவர்களுக்கு ஏன் வோட்டு?" என்று கேட்டார்கள். முதல் தலைமைத் தேர்தல் கமிஷனரான சுகுமார் சென் அந்தக் கேள்வியைத் தம் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. வோட்டர் படிக்கக் கற்கும் வரையில் காத்திராமல், படிப்பே வேண்டாத ஒரு வோட்டு முறையை வகுத்தார்.

ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஓர் எஃகுப் பெட்டி. பெட்டிமேல் ஒரு படம். காங்கிரஸுக்கு நுகம் பூட்டிய இரட்டைக் காளை, சோஷலிஸ்டுகளுக்கு ஆலமரம், கம்யூனிஸ்டுகளுக்குக் கதிரும் அரிவாளும், ஜன சங்கத்துக்கு விளக்கு. எல்லாம் கிராமத்துக் கண் தினந்தோறும் பார்க்கிற பொருள்கள். இதற்காக 20 லட்சத்துக்கு அதிகமான பெட்டிகள் செய்யப்பட்டன.

இந்த முறையும் இடறியது. மறைப்புக்குள் சென்ற வோட்டர் சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்து, வேண்டுபவரிடம் விற்றுவிட இடமிருந்தது. ஆகவே 1962 பொதுத் தேர்தலிலிருந்து பெட்டி ஒன்று, சீட்டில் எல்லாப் படங்களும், வேண்டிய படத்தின் பக்கத்தில் ரப்பர் முத்திரை என்று ஆயிற்று. அதிலும் ஒரு சங்கடம். ஈரம் காயுமுன் சீட்டை மடித்தால் மை எதிர்ப்பக்கத்திலும் ஒட்டிக்கொள்கிறது, வோட்டு யாருக்கு? இதற்காக அம்புகள் சிலுவையாகச் சேர்ந்து ஒரே திசையில் சுழலுவது போன்ற முத்திரையை வகுத்தார்கள். கண்ணாடியில் பார்த்தால் அது எதிர்த்திசையில் சுழலும். ஆகவே அசல் எது, ஒட்டியது எது என்று எண்ணுகிறவர் உடனே சொல்லிவிடலாம். மத்தியஸ்தனின் ஐந்து விரல்களுக்கு இது தம்பி முறை என்றே நமக்குத் தோன்றுகிறது.

சின்னம் எவ்வளவு தூரம் ஜனங்களின் மனத்தில் வேரூன்றும் என்பதைத் தமிழ்நாட்டாருக்கு விவரிக்க வேண்டியதில்லை. 1972 அக்டோபரில் பிறந்த அ.தி.மு.க., 1973 மே மாதத்துத் திண்டுக்கல் உபதேர்தலில் இரட்டை இலையைக் காட்டி வென்றது. இரண்டு விரலை உயர்த்தினால் போதும், பேச்சே வேண்டாம். அந்தக் கட்சி பிளவுபட்டு 1989-இல் ஒரு பிரிவு சேவலோடும் மற்றது இரட்டைப் புறாவோடும் நின்றபோது இரண்டும் தோற்றன. தோல்விக்குச் சின்னம் ஒன்றே காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் இருவரும் ஒன்றுபட்டவுடன் முதலில் தேடிப் பெற்றது அந்த இரண்டு இலைகளைத்தான்.

முறை எவ்வளவு நன்றாக வகுக்கப்பட்டாலும் ஜனங்கள் அதை நெருக்கிப் பார்க்காமல் விடுவதில்லை. 1996-இல் மொடக்குறிச்சிச் சட்டசபைத் தொகுதியில் 1033 பேர் அபேட்சகர்களாக நின்றார்கள். விவசாயிகள் தங்கள் குறைகளைச் சர்க்காருக்கு உணர்த்த மேற்கொண்ட வழி அது. வோட்டுச் சீட்டு ஒரு புஸ்தகமாயிற்று, தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. அவ்வருஷமே சட்டசபை அபேட்சகரின் டிபாஸிட் தொகை 250 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்ந்தது. இந்தத் திருத்தம் நமக்கு அவ்வளவு திருப்தியளிக்கவில்லை. பணமில்லாதவனைத் தடுப்பது, கையை விரிக்கச் சொன்ன சபையாரின் யுக்தியோடு சேர்க்கத் தக்கதல்ல. ஒரே பெயருள்ளவர்களை நிறுத்தி வோட்டர்களைக் குழப்பும் தந்திரத்துக்கு மாற்றாக 2015-இல் அபேட்சகரின் புகைப்படத்தையும் சேர்த்தார்களே, அது நல்ல யுக்தி. "மேற்கண்ட எவரும் வேண்டாம்" என்பதற்கும் அதே வருஷத்தில், ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தார் வரைந்த சின்னம் ஒன்று கிடைத்தது.

முதல் தேர்தலின் இன்னொரு விஷயத்தைக் கூறாமல் விடுவதற்கில்லை. வோட்டர் ஜாபிதா தயாரித்தவர்கள் வீடு வீடாகச் சென்றபோது, வட இந்தியாவில் பல மாதர்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று மட்டுமே எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். அப்படிப் பெயரில்லாமல் பதிவானவர்களை ஜாபிதாவில் வைத்திருக்க சுகுமார் சென் சம்மதிக்கவில்லை. சொந்தப் பெயரைக் கொடுக்க அவகாசம் அளித்துப் பார்த்தார். அதன் பிறகும் சுமார் 28 லட்சம் பேர் கொடுக்கவில்லை. அவர்கள் நீக்கப்பட்டார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் காளையும் ஆலமரமும் வரைந்து கொடுத்தவர்களுக்கு, பெயர் சொல்லக் கூசியவர்களுக்கு என்ன வரைந்து கொடுப்பது என்று அன்றைக்குத் தெரியவில்லை. 1957 தேர்தலுக்கு முன்னால் கணக்கெடுப்பவர்கள் மறுபடியும் அந்த வாசற்படிகளில் போய் நின்று, "அம்மா, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்க வேண்டியிருந்தது.