காலிஃபிளவர் புழுவுக்கு எத்தனை பெயர்கள்?

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் காலிஃபிளவர் வாங்கி வந்தால் முதல் வேலை, பூவைப் பிரித்து மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் போடுவதுதான். மிதந்து வரும் வெளிர்பச்சைப் புழுக்களைக் கொட்டிவிடுமுன் ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவில், இரு முனையும் கூம்பி இருந்தால் அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். செடியில் இருக்கும்போது தொட்டால் துள்ளிப் பின்வாங்கும். நூல் விட்டுத் தொங்கும். வளர்ந்த பூச்சி சிறகை மடக்கி உட்கார்ந்தால் முதுகில் மூன்று வைர வடிவங்கள் வரிசையாகத் தெரியும்.

இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் சுவீடனின் கார்ல் லின்னேயஸ். 1758-இல் வந்த 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பில் சில சொற்களில் விவரித்து, 'சைலோஸ்டெல்லா' என்றார். லோனிசெரா சைலோஸ்டியம் என்ற ஐரோப்பியப் புதர்ச்செடியோடு பூச்சியைச் சேர்த்ததால் வந்த பெயர் அது. ஆனால் நம் பூச்சி தின்பது கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு ஆகியவற்றின் இலைகளை. லோனிசெராவில் வாழும் பூச்சி வேறு. அதை ஃபேப்ரீசியஸ் 1775-இல் 'டென்டெல்லா' என்று விவரித்தார்.

செடிக் குறிப்பை நம்பிய பிற்கால ஆய்வாளர்கள் லின்னேயஸின் பெயரை லோனிசெராப் பூச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். கோஸ் பூச்சிக்கோ ஜான் கர்ட்டிஸ் 1832-இல் வைத்த 'மாக்குலிபென்னிஸ்' நிலைத்தது. நம் பழைய வேளாண் நூல்களிலும் அந்தப் பெயரைத்தான் பார்க்கலாம். தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி பெயின்பிரிட்ஜ் ஃப்ளெட்சர் எழுதி 1914-இல் சென்னையில் அச்சான பெருநூல், இந்தியாவில் இப்பூச்சி பற்றிய முதல் பதிவாகக் கருதப்படுகிறது.

விலங்குப் பெயரிடல் விதிப்படி ஒரு பெயர் கட்டுண்டிருப்பது வகை மாதிரி எனப்படும் பூச்சியுடலோடுதான். உணவுச்செடி பற்றிய குறிப்பு தவறானாலும் பெயர் செத்துப்போகாது. 1966-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் பிராட்லி, கோஸ் பூச்சிக்கு லின்னேயஸின் பெயரே உரியது என்று காட்டினார். அன்றிலிருந்து அது, பேரினப் பெயரோடு சேர்த்து, புளூட்டெல்லா சைலோஸ்டெல்லா.

இதை வெறும் ஏட்டுச் சண்டை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. 1950-களிலேயே ஜாவாவில் டிடிடி பூச்சிமருந்துக்கு மசியாமல் நின்ற பூச்சி இது. ஒரு நாட்டின் மருந்துச் சோதனை இன்னொரு நாட்டு விவசாயிக்கு உதவ வேண்டுமானால், இருவரும் பேசுவது ஒரே பூச்சியைப் பற்றித்தான் என்பது முதலில் உறுதியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் இதோடு கலந்து பறந்த, பார்வைக்கு வேறுபாடே தெரியாத இன்னோர் இனத்தை மரபணுக் குறியீடு காட்டிக்கொடுத்தது. ஆய்வாளர்கள் லாண்ட்ரியும் ஹெபர்ட்டும் 2013-இல் அதற்கு புளூட்டெல்லா ஆஸ்திரேலியானா என்று பெயரிட்டார்கள். பிறகு சோதித்தபோது, சைலோஸ்டெல்லா தாங்கிக்கொள்ளும் பூச்சிமருந்துகளுக்கு ஆஸ்திரேலியானா எளிதில் மடிந்தது.